ஒற்றைப் பட்டனில் ஷோரியுக்கன் கொடுத்தால் ஆட்டத்தின் ஆழம் போய்விடுமா?

கால்வட்டம்:

இருவர் மோதும் 2டி ஃபைட்டிங் கேம் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம். வினாடிக்கு 60 பிரேம், நாலு பட்டன் (லைட், மீடியம், ஹெவி, ஸ்பெஷல்), ஆறு கேரக்டர். இப்போதைக்கு ஸ்பெஷல் (சிறப்பு அடி) எல்லாமே மோஷனில்தான், அதாவது திசைகளை வரிசையாகச் சுழற்றிப் பட்டனை அழுத்தவேண்டும்: 236 (ஃபயர்பால், எறியும் நெருப்புப் பந்து), 623 (ஷோரியுக்கன், மேலெழும்பிக் குத்தும் அடி), 214. நம்பர்பேட் குறியீடு தெரியாதவர்களுக்கு: 6 முன், 2 கீழ், 3 கீழ்-முன், 4 பின், 1 கீழ்-பின், 5 நடு.

சோதித்துப் பார்க்க வரும் புதியவர்களுக்கு 623 வருவதே இல்லை. ஸ்பெஷல் பட்டனோடு ஒரு திசையை அழுத்தினாலே வரும்படி மாற்றிவிடலாமா என்று யோசனை. மாற்றினால் மூன்று இடத்தில் இடிக்கும் என்று தோன்றுகிறது.

ஒன்று, ஆன்டி-ஏர் (தாவி வருபவரை வீழ்த்தும் அடி) சும்மா கிடைத்துவிட்டால் யாரும் தாவமாட்டார்கள். இரண்டு, ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் வரும் ஆட்டோ காம்போ. பட்டனைப் போட்டுப் பிசைகிறவரே ஜெயிக்கிறார். மூன்று, தோற்றுக்கொண்டிருப்பவருக்குக் கம்பேக் மெக்கானிக் வைக்கலாமா, கூடாதா?

"ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் கன்ட்ரோலுக்கு (ஒற்றைப் பட்டனில் ஸ்பெஷல் வரும் முறை) 20% டேமேஜ் குறைத்திருக்கிறார்கள், நாமும் அதையே செய்வோம்" என்று குழுவில் ஒரு கட்சி. அது போதுமா?

---

பிரேம்எண்ணி:

போதாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு தாவல் கிளம்பி இறங்க 45 பிரேம் என்று வையுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் பெரும்பாலான கேரக்டர்களுக்கு அந்த அளவுதான். தாவி வருபவரின் அடி நம் தலையில் விழுவது 35-ஆவது பிரேம் வாக்கில். அவர் தாவிவிட்டார் என்பது கண்ணில் பட்டு மண்டையில் ஏறவே 18 பிரேம், அதாவது 0.3 வினாடி போய்விடும். தாவலை மட்டுமே எதிர்பார்த்துக் காத்திருந்தால் இன்னும் சீக்கிரம், ஆனால் யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை. மிச்சம் 17. ஷோரியுக்கனின் ஸ்டார்ட்அப் (பட்டனை அழுத்தியதிலிருந்து அடி செயல்படும் வரை ஆகும் நேரம்) 5 என்றால் கை வேலைக்கு 12 பிரேம்.

பழகிய கை 623-ஐ 6 பிரேமில் முடிக்கும், 6 மிச்சம். பழகாத கைக்கு 15 வேண்டும். அடி வாங்கிக்கொண்டு விழும். ஒற்றைப் பட்டனுக்கு 1 பிரேம், 11 மிச்சம். ஆக, புதியவரைப் பழகியவருக்குச் சமமாக்க நினைத்து, பழகியவரையும் தாண்டி 5 பிரேம் மேலே உட்கார வைத்துவிட்டீர்கள். நீங்கள் திருப்பி வாங்கவேண்டியது அந்த 5 பிரேமை. டேமேஜைக் குறைத்து என்ன பயன்? ஆன்டி-ஏரின் மதிப்பு அது கொடுக்கும் அடியில் இல்லை, "இனி தாவாதே" என்று எதிராளியை அடக்கி வைப்பதில் இருக்கிறது. 1200 டேமேஜ் 960 ஆனாலும் தாவல் செத்தது செத்ததுதான்.

இன்னொரு விலையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 623 என்பது 6-இல் தொடங்குகிறது. 1-இல் குனிந்து தடுத்துக்கொண்டிருப்பவர் அதைப் போட முதலில் தடுப்பை விட்டு முன்னால் போயாகவேண்டும். அந்தச் சில பிரேமில் அடி விழலாம். ஒற்றைப் பட்டனில் இந்த ஆபத்தும் இல்லை.

நான் வைக்கச் சொல்வது இது. பட்டன் வழியாக வரும் ஷோரியுக்கனுக்கு ஸ்டார்ட்அப் 5 + 5 = 10. ஆனால் சும்மா நிற்கும்போது போட்டால் மட்டும். ஒரு நார்மல் (சாதாரண) அடியைப் பாதியில் வெட்டி இதற்கு மாறினால், அதாவது கேன்சல் செய்தால், அதே பழைய 5, இல்லாவிட்டால் லைட் அடிக்குப் பிறகு காம்போவே சேராது. புதியவரைக் கைதூக்கிவிடப் போய் அவர் கையையே கட்டியதாகிவிடும். இன்வின்சிபிலிட்டி (அடி படாத நிலை): பட்டன் வழி வந்தால் வான் அடிக்கு மட்டும், 623 போட்டால் முழுசாக. கீழே விழுந்து எழும்போது "என்ன ஆனாலும் ஆகட்டும்" என்று பட்டனை அழுத்துவதை இது தடுக்கும், ஆன்டி-ஏரைத் தடுக்காது.

ஃபயர்பாலுக்கு +2 போதும். கமாண்ட் கிராப் (மோஷன் போட்டு எதிராளியைப் பிடித்து வீசும் அடி) இருந்தால் மட்டும் தனியாக யோசியுங்கள். அதற்கு ஸ்டிக்கை 360 டிகிரி சுற்றும்போது அது மேலே போய்த் தாவிவிடும் அபாயம்தான் அந்த அடிக்குப் பூட்டு. நின்ற இடத்தில் ஒரே பட்டனில் பிடிக்க முடிந்தால், தூரத்தையோ டேமேஜையோ கணிசமாக வெட்டவேண்டும்.

மாடர்ன் பற்றி ஒரு விஷயம். அதிலும் மோஷனைக் கையால் போட்டால் அந்த 20% பிடிக்கமாட்டார்கள். அதாவது ஒரே கன்ட்ரோலுக்குள்ளேயே படிக்கட்டு இருக்கிறது. போதாததற்குச் சில நார்மல் அடிகளே மாடர்னில் கிடையாது. உண்மையான அபராதம் அதுதான், 20% இல்லை. கிரான்ப்ளூ ஃபேண்டஸி வெர்சஸ் (2020) வேறு வழி போனது: பட்டனில் போட்டால் கூல்டவுன் நீளம், மோஷனில் போட்டால் குறைவு. எளிதாகக் கிடைத்ததற்கு, அடுத்த சில வினாடி அது இல்லாமல் இருப்பதுதான் விலை. கையில் எது இருக்கிறது, எது இல்லை என்பது எதிராளிக்கும் தெரிவதால் அதில் ஒரு ஆட்டமே உருவாகிறது.

மோஷனை எடுக்காமலே பாதிப் பிரச்சினை தீரலாம், அதையும் பாருங்கள். "623 வரவில்லை" என்று சொல்பவரின் இன்புட்டைப் பதிவு செய்து பார்த்தால் பெரும்பாலும் 6236 என்று கடைசியில் ஒரு 6 தள்ளி முடித்திருப்பார். உங்கள் நிரல் அதில் 236-ஐப் பார்த்து ஃபயர்பால் விட்டிருக்கும். சரி, 623-க்கு முன்னுரிமை கொடுப்போம் என்று மாற்றினால், முன்னால் நடந்தபடி ஃபயர்பால் போடுகிறவருக்கு ஷோரியுக்கன் வந்து தொலைக்கும், ஏனென்றால் அவரும் போட்டது 6236. இரண்டையும் பிரிப்பது முதல் 6-தான். அது 10 பிரேமுக்கு மேல் பிடிக்கப்பட்டிருந்தால் நடை, ஃபயர்பால் கொடுங்கள். அதற்குக் கீழே இருந்தால் மோஷனின் தொடக்கம், ஷோரியுக்கன் கொடுங்கள். 10 என்பது தொடங்கும் எண்தான், சோதித்து 8-க்கும் 12-க்கும் இடையில் நிறுத்துங்கள்.

---

மூலைவாசி:

மேல சொன்ன கணக்கு சரி. ஆட்டோ காம்போவுக்கு நான் வர்றேன், ஏன்னா பெரும்பாலான கேம் வழுக்கி விழற இடம் அது.

முதல் கேள்வி: எதிராளி தடுத்துட்டா உங்க ஆட்டோ காம்போ தொடருதா, நிக்குதா? "தடுத்தா நின்னுடும், அடி பட்டா மட்டும் தொடரும்"னு வச்சிருந்தீங்கன்னா உடனே எடுத்துடுங்க. அது ஹிட் கன்ஃபர்ம். அடி பட்டுச்சா தடுத்தாங்களான்னு பார்த்து முடிவு பண்றதுதான் நடுத்தர ஆட்டக்காரர் மாசக்கணக்கா பழகற விஷயம். அதை இலவசமா கொடுத்தா மெத்தப் படிச்சவங்கதான் முதல்ல எடுத்துப்பாங்க, புதுசா வந்தவங்க இல்ல.

தடுத்தாலும் தொடரட்டும். ஆனா தொடர்றது ஆபத்தா இருக்கணும். மூணு அடி ஆட்டோ காம்போன்னா, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை வேண்டாம். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல தடுத்தவருக்கு 6 பிரேம் ஓட்டை விடுங்க. 4 பிரேம் ஜாப் (வேகமான சின்னக் குத்து) இருக்கிற கேரக்டர் அங்க கை நீட்டினா பிசையறவருக்கு அடி விழும். ஓட்டையில கை நீட்ட பயந்து முழுசும் தடுத்தாலும், மூணாவது அடி −12-ல முடியட்டும், அதாவது தடுத்தவருக்கு 12 பிரேம் கழிச்சுத்தான் அடிச்சவரால அசைய முடியணும். ஜாப் மட்டுமில்ல, 10 பிரேம் ஹெவிகூட உள்ள போகும். இப்ப புதுசா ஆடறவர் தானா பட்டனை விட்டுடக் கத்துக்குவாரு. ரெண்டு தட்டோட நிறுத்தறதுதான் அவரோட முதல் "முடிவு".

டேமேஜ்: அதே நிலைமையில கையால போடற சுலபமான காம்போ 2000 எடுத்தா, ஆட்டோ 1400-ல நிக்கட்டும். முக்கியமா, மீட்டரை (சண்டையில நிரம்பற சக்தி அளவு) தானா செலவு பண்ண விடாதீங்க. காம்போ கடைசியில தானா சூப்பர் (மீட்டரைச் செலவழிக்கற பெரிய அடி) போகிற மாதிரி வச்சா பார்க்க அழகா இருக்கும், ஆனா அந்த மீட்டரை தப்பிக்கறதுக்கு வச்சிருந்தவர் வயிறு எரிவாரு. சூப்பர் வேணும்னா கூட ஒரு பட்டனை அழுத்தணும்னு வைங்க.

அப்புறம் பிசையறவர் ஜெயிக்கறது பத்தி. அவர் ஏன் ஜெயிக்கறாருன்னா, எதிர்ல இருக்கிறவருக்கு இப்ப யார் முறைன்னே தெரியலை. −12 அடியைத் தடுத்துட்டு சும்மா நிக்கறாரு, அந்த இடைவெளியில மறுபடி பட்டன் வந்துடுது. இது பேலன்ஸ் பிரச்சினை இல்ல, அனிமேஷன் பிரச்சினை. −10-க்குக் கீழ போகிற எல்லா அடியிலயும் அடிச்சவரோட உடம்பு நிலைகுலையணும்: கால் வழுக்கணும், ஆயுதம் பின்னால போகணும். −2 அடியில சட்டுனு நிமிர்ந்து நிக்கணும். பிரேம் டேட்டா படிக்காதவரும் படத்தைப் பார்த்தே "இப்ப என் சான்ஸ்"னு புரிஞ்சுக்கற மாதிரி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 டிரெய்னிங் மோடுல பிரேம் மீட்டரை கலர் கட்டமா கீழ ஓட விட்டிருக்கு. டெக்கன் 8 ரீப்ளேல நிறுத்தி "இங்க இதைப் போட்டிருக்கலாம்"னு சொல்லி அந்த இடத்துலயே ஆட விடுது. ரெண்டும் நல்ல விஷயம், ஆனா அதைத் தேடிப் போறவருக்குத்தான். மேட்ச்லயே தெரியணும்.

---

லேக்_ஒழிக:

நீங்கள் எல்லோரும் இன்புட்டையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். புதியவர் விட்டுவிட்டுப் போவது 623 வராததாலா? டைவ்கிக் 2013-இல் வந்தது. மொத்தமே இரண்டு பட்டன், ஒன்று தாவ, ஒன்று உதைக்க. 2015-இல் ரைசிங் தண்டர் எல்லா ஸ்பெஷலையும் ஒற்றைப் பட்டனில் கொடுத்தது. ஆல்ஃபா சோதனைப் பதிப்போடு 2016-இல் மூடப்பட்டது. 2019-இல் ஃபேண்டஸி ஸ்ட்ரைக், மோஷனே கிடையாது. மூன்றும் யோசித்துச் செய்த ஆட்டங்கள்தான். எளிய இன்புட் மட்டும் கூட்டம் சேர்த்துவிடாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ரேங்க் மேட்ச்சைத் தவிரச் செய்ய ஏதாவது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, 2016 பிப்ரவரியில் ஆர்கேட் மோடு (கணினியோடு தனியாக ஆடும் முறை) இல்லாமலே வெளியானது; அது வந்து சேர 2018 ஜனவரி ஆயிற்று. போட்டி ஆட்டக்காரர்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை, மற்றவர்களுக்கு வாங்குவதற்குக் காரணமே தெரியவில்லை.

இரண்டாவது, யாரோடு மோத விடுகிறீர்கள் என்பது. எலோ கணக்கில் (ஆட்டக்காரரின் திறனைப் புள்ளியாக்கும் முறை) 200 புள்ளி இடைவெளி என்றால் மேலிருப்பவர் வெல்லும் வாய்ப்பு சுமார் 76%, 400 என்றால் 91%. அதோடு ஆட்ட வடிவமும் அந்த இடைவெளியைப் பெருக்கும். ஒரு ரவுண்டை வெல்ல ஒருவருக்கு 60% வாய்ப்பு என்று வையுங்கள். மூன்றில் இரண்டு ரவுண்டு என்றால் ஆட்டத்தை வெல்ல 64.8%. அப்படி மூன்றில் இரண்டு ஆட்டம் என்றால் 71.6%. சாதாரண மேட்ச்சில் ஒரே ஆட்டத்தோடு நிறுத்துங்கள், போட்டியில் நீளமாக வையுங்கள். கீழிருப்பவர் அவ்வப்போது ஜெயிக்க, விதிகளில் கை வைக்காமலே கிடைக்கும் வழி இது. விதிக்குள் அதிர்ஷ்டத்தை நுழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராவல் (2008) இருக்கிறது: ஓடத் தொடங்கும்போது கேரக்டர் தானாகவே கால் இடறி விழும். புதியவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை, பழையவருக்கும் இல்லை.

மூன்றாவது, நெட்கோடு, அதாவது இணையத்தில் இருவரை மோத விடும் நிரல். ஒரு பிரேம் 16.67 மில்லி வினாடி. போய்வர 100 மில்லி வினாடி என்றால் ஒரு திசைக்கு 50, அதாவது 3 பிரேம். இன்புட் தாமதம் 2 வைத்தால் 1 பிரேம் ரோல்பேக் (தாமதமாக வந்த இன்புட்டுக்காக ஆட்டத்தைப் பின்னால் இழுத்து மறுபடி கணக்கிடுவது), கண்ணுக்கே தெரியாது. ஆனால் இணைப்பு ஆடி 5, 6 பிரேம் ரோல்பேக் ஆகும்போது, ஸ்டார்ட்அப் 5 உள்ள அடி பாதியில் முளைத்தது போலத் தோன்றும். அதனால் வேகமான அடிகளில் முதல் சில பிரேம்களைப் படமாகப் பெரிதாக்காதீர்கள். சத்தத்தையும் அங்கே வைக்காதீர்கள், ரோல்பேக் ஆனால் இரண்டு முறை ஒலிக்கும். ஒரு பிரேம் நேரத்துக்குள் 7, 8 பிரேமைத் திரும்பக் கணக்கிட்டு முடிக்க முடிகிறதா என்று இப்போதே அளந்து பாருங்கள். ரோல்பேக் நெட்கோடு நூலகமான ஜிஜிபிஓ 2019 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. ஆட்டத்தின் நிலையைச் சேமித்து மீட்கும் வேலை மட்டும் உங்களுடையது, அதைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது.

---

பிரேம்எண்ணி:

@லேக்_ஒழிக, அந்த மூன்றும் கூட்டம் சேர்க்காததற்கு இன்புட் காரணமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் இன்புட் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. எளிய இன்புட்டும் நல்ல ஒற்றையாள் மோடும் சேர்ந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்த ஆண்டே, 2023 ஈவோ போட்டியில், அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். ஒன்றைத் தனியாகப் பிரித்துக் காட்டி நிரூபிக்க முடியாது.

ரவுண்டு கணக்கு அருமை, எடுத்துக்கொள்கிறேன்.

---

மூலைவாசி:

கம்பேக் பத்தி யாரும் சொல்லலை. அடி வாங்கினதுக்குக் கூலியா பலம் கொடுக்காதீங்க. அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3-ல எக்ஸ்-ஃபேக்டர் அப்படித்தான், ரெண்டு பேரை இழந்து கடைசி ஆளா நிக்கறப்போதான் அது உச்சத்துல இருக்கும். ஜெயிச்சுக்கிட்டிருந்தவர், ஜெயிச்சதுக்கே தண்டனை வாங்கின மாதிரி ஆகும்.

அதை விட மீட்டரைத் தலைகீழாக்கலாம். பழைய வழக்கம்: மீட்டர் காலியா தொடங்கும், அடிச்சு அடிச்சு நிரப்பணும். புதுசா ஆடறவர் அது நிரம்பறதுக்குள்ள செத்துடுவாரு. கேம்ல இருக்கிற பளபளப்பான விஷயத்தைப் பார்க்கவே மாட்டாரு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 டிரைவ் கேஜ் 6 பாரும் நிரம்பித்தான் ரவுண்டு தொடங்கும். டிரைவ் இம்பாக்ட் (அடியைத் தாங்கிட்டே தாக்கறது) 1 பார், ஓவர்டிரைவ் (பலம் கூட்டின ஸ்பெஷல்) 2, அடியிலிருந்து கேன்சல் பண்ணி ஓடற டிரைவ் ரஷ் 3. புதியவர் முதல் வினாடியிலயே எல்லாத்தையும் போட்டுப் பார்க்கலாம். தீர்ந்துட்டா பர்ன்அவுட்: ஸ்பெஷலைத் தடுத்தாலும் உயிர் கரையும், மூலையில இம்பாக்ட் வாங்கினா மயக்கம். பழகினவருக்கு முழு ஆட்டமும் அந்த 6 பாரை எப்படிச் செலவு பண்றதுங்கறதுதான். ஒரே பொருள், ரெண்டு பேருக்கும் வேற வேற.

அந்த இம்பாக்ட்லயே இன்னொரு பாடம் இருக்கு. 26 பிரேம் ஸ்டார்ட்அப், ரெண்டு அடியைத் தாங்கிட்டு வரும், கீழ் ரேங்க்ல எல்லாரையும் போட்டுச் சாத்தும். ஆனா அதுக்குப் பதில் என்ன? இம்பாக்டைப் போடற அதே ரெண்டு பட்டன். நீங்களும் இம்பாக்ட் போட்டா பின்னால போட்டவர் ஜெயிப்பாரு. தாக்கறது சுலபம்னா அதுக்குப் பதிலும் அதே அளவுக்குச் சுலபமா இருக்கணும். உங்க ஆறு கேரக்டரோட ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துல ஒரு கட்டம் போட்டு "புதியவர் இதுக்கு என்ன பண்ணுவார்"னு எழுதுங்க. "21 பிரேம் ஓவர்ஹெட்டை (குனிஞ்சு தடுக்க முடியாத அடியை) பார்த்து நிமிர்ந்து தடுப்பார்" அப்படின்னு எழுத நேர்ந்தா அந்த அடியை 26-க்குத் தள்ளுங்க, இல்ல டேமேஜை வெட்டுங்க.

---

கால்வட்டம்:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஆட்டோ காம்போ தடுத்தால் நின்றுவிடும்படிதான் இருக்கிறது. இன்றைக்கே மாற்றுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். +5, வான் இன்வின்சிபிலிட்டி இரண்டையும் போட்டுப் பார்த்தோம். நேராக வரும் தாவலுக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் தலையைத் தாண்டிப் பின்னால் விழும் கிராஸ்-அப் தாவலுக்கும் பட்டன் ஷோரியுக்கன் தானாகத் திரும்பி அடித்துவிடுகிறது. கிராஸ்-அப்புக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது.

---

பிரேம்எண்ணி:

எந்தப் பக்கம் பார்ப்பது என்பதை அடி செயல்படத் தொடங்கும் பிரேமில் கணக்கிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 10 பிரேம் ஸ்டார்ட்அப்பில் எதிராளி தலையைத் தாண்டிவிடுவார், கேரக்டர் அவர் பின்னாலேயே திரும்பும். பட்டன் அழுத்திய பிரேமிலேயே பக்கத்தைப் பூட்டுங்கள். சீக்கிரம் அழுத்தினால் முன்பக்கம் போய்க் காற்றில் அடிக்கும், தாண்டிய பிறகு அழுத்தினால் 10 பிரேம் என்பதால் நேரம் போதாது. 623 போடுகிறவருக்கு 5 பிரேம் என்பதால் தாண்டிய பிறகும் திருப்பிப் போட இடம் இருக்கும், கை சுத்தமாக இருந்தால்.

பக்கம் மாறும் அந்த ஒரு பிரேமில் இருவரின் மையமும் ஒரே எக்ஸ் மதிப்பில் இருந்தால் எந்தப் பக்கம் என்பதையும் தீர்மானித்து வையுங்கள். முந்தைய பிரேமின் பக்கத்தையே வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் மூலையில் முதல் ஆட்டக்காரருக்கு ஒரு விதமாகவும் இரண்டாவது ஆட்டக்காரருக்கு வேறு விதமாகவும் நடக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும்.

---

கால்வட்டம்:

செயல்படும் பிரேமில்தான் இருந்தது. பூட்டிவிட்டேன், கிராஸ்-அப் திரும்ப வேலை செய்கிறது. எக்ஸ் சமமாக இருந்தால் இப்போது எப்போதும் வலப்பக்கம் என்று இருக்கிறது, அதையும் மாற்றுகிறேன்.